ஆறரை மணி அடுப்பு

1

சந்தேகப்படுவதற்காக மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், மருந்துக் கிடங்குகளுக்குக் குளிர்பெட்டி செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். பெட்டிக்குள் இருக்கிற சென்சார் சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்பதுதான் என் மேசைக்கு வருகிற வேலை. அது நான்கு டிகிரி என்று சொன்னால் சரி என்று போய்விடக் கூடாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். அதையும் நம்பாமல் மூன்றாவதாக ஒன்றை வைக்க வேண்டும். இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. பால் பாக்கெட்டில் போட்டிருக்கிற தேதியைக்கூட நான் இரண்டு தடவை படிப்பேன் என்று என் மனைவி சுதா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

சென்சார் விற்கிறவர்கள், வாங்குவதற்கு முன்னால் நாங்கள் சோதித்துப் பார்ப்பதற்காக, தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் பலகையை அனுப்புவார்கள். இவால்யுவேஷன் போர்டு என்பது அதன் பெயர், நாங்கள் போர்டு என்றே சொல்வோம். ஒரு முனையில் அரை மிளகு அளவுக்குச் சென்சார் இருக்கும். மறுமுனையை வயர் வழியாக லேப்டாப்பில் சொருகி, கூட வருகிற மென்பொருளைத் திறந்தால் திரையில் ஒரு கோடு ஓட ஆரம்பிக்கும். சூடு கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். பத்து விநாடிக்கு ஒரு தடவை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வித்தை.

சோதனை முடிந்த போர்டுகளை யாரும் சீண்டுவதில்லை, அலமாரியில் கிடக்கும். மேலாளரிடம் கேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, ஒரு பழைய லேப்டாப்போடு அதை ராயப்பன்பட்டிக்குக் கொண்டுபோய், எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில், அடுப்புக்கு ஒரு முழம் மேலே டேப் போட்டு ஒட்டினேன். ஜெர்மனியிலிருந்தே அந்த லேப்டாப்பின் திரையைப் பார்க்கிற மாதிரி ஏற்பாடும் செய்துகொண்டேன்.

2

அப்பா சவரியப்பனுக்கு எழுபத்து நான்கு வயது. கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் ஸ்டோரில் வேலை பார்த்தவர். பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அதிலிருந்து தனியாக இருக்கிறார். சர்க்கரை உண்டு.

போன ஆகஸ்டில் ஒரு நாள் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு எதுவும் சாப்பிடாமல் இருந்து, குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். நெற்றியில் நான்கு தையல். டாக்டர் போனில் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "மாத்திரையப் போட்டா அரை மணி நேரத்துல வயித்துல ஏதாச்சும் விழணும். இந்தத் தடவ ஆள் பாத்துட்டாக. அடுத்த தடவையும் பாப்பாகன்னு சொல்ல முடியாது."

அன்றைக்குக் காலையில் நான் போன் செய்திருந்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, சாப்ட்டேன் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை என்னால் நம்ப முடியவில்லை.

அதற்கப்புறம் சமையலுக்குப் பக்கத்துத் தெரு புஷ்பம் அக்காவை அமர்த்தினோம். காலை ஆறு மணிக்கு வந்து, ஆறரைக்கு அடுப்பு மூட்டி, காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் செய்து கொடுத்துவிட்டுப் போவார். அவர் சரியாக வருகிறாரா என்பது எனக்கு அடுத்த சந்தேகம். அதற்காகத்தான் போர்டு. ஆனால் அப்பாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்தேன்.

"இது என்னத்த அளக்கும்?" என்று கேட்டார்.

"வீட்டுச் சூட்டப்பா. ஆபீஸ்ல ஒரு சோதனை."

"ராயப்பம்பட்டி அடுப்படிச் சூட்டத் தெரிஞ்சு ஜெர்மன்காரன் என்னடா செய்யப் போறான்?"

புஷ்பம் அக்கா எட்டிப் பார்த்து, "இதுல கேமரா இருக்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். இருந்தாலும் சேலைத் தலைப்பை ஒரு தடவை சரிசெய்துகொண்டார்.

3

இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே பதினொன்றரை. அப்பாவின் காலைப் பொழுது முழுக்க அப்போது என் திரையில் இருக்கும். ஆறரை வரை இருபத்து மூன்று, இருபத்து நான்கு டிகிரியில் கோடு படுத்துக் கிடக்கும். பிறகு படிப்படியாக, முண்டும் முடிச்சுமாக ஏறும். புஷ்பம் அக்கா ஜன்னலைத் திறந்தால் ஒரு சறுக்கல். இட்லிப் பானையை இறக்கினால் ஒரு சறுக்கல். கோடு இருபத்து ஒன்பது வரை போய் மெதுவாக இறங்கும். ஏறியிருக்கிறது என்றால் அப்பா சாப்பிட்டுவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

ஒரு மாதத்தில் நான் கோட்டை வைத்தே பலகாரம் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். அந்தத் திமிரில் ஒரு நாள் போனில், "இன்னைக்குத் தோசையாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேம்பா."

அன்றிலிருந்து அப்பா போனில் அளந்துதான் பேசினார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

என் மகள் மீராவுக்குப் பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். யாருடைய அனுமதியும் இல்லாமல் யாரைப் பற்றிய தகவலையும் எடுக்கக் கூடாது என்று இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நெற்றியில் அடித்தாற்போல் சொல்லிக்கொடுக்கிறார்கள். தன் போன் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்த வசதியை அவள் போன வருஷமே அணைத்துவிட்டாள். ஒரு நாள் காலையில் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"தாத்தாவுக்குத் தெரியுமா இது?"

"ஆபீஸ் வேலைன்னு சொல்லியிருக்கேன்."

"அது பொய்" என்றாள் ஜெர்மனில். சாப்பாடு கேட்கத் தமிழ், சண்டை போட ஜெர்மன் என்பது அவள் வழக்கம். பிறகு என் மேல் இரக்கப்பட்டவள் மாதிரி தமிழுக்கு வந்து, "தாத்தா ஒரு ரூம் இல்லப்பா, டெம்பரேச்சர் பாக்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளைகள் நம்மை விட்டு விலகுகிறார்கள் என்று இங்கே கூடுகிற தமிழர்கள் எல்லாரும் புலம்புவோம். சில நேரம் அவர்கள் விலகி நின்று நம்மை நன்றாகவே பார்க்கிறார்கள்.

4

அப்பாவை இங்கேயே கூட்டி வந்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் முயற்சி செய்தேன். போன வருஷத் தொடக்கத்தில், அவர் விழுவதற்கு முன்பே.

விருந்தாளியாக வருகிற அப்பாவுக்குச் சோறும் படுக்கையும் மருந்தும் நானே தருவேன் என்று இங்குள்ள அலுவலகத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். எதிரே இருந்த அம்மையார் என் சம்பளச் சீட்டைப் பார்த்தார், வீட்டின் சதுர மீட்டரைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உங்கள் தந்தைக்குத் தேவையான உணவை உங்களால் தர முடியும், அப்படித்தானே?" என்றார். பெற்ற அப்பனுக்குச் சோறு போடுவேன் என்று முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு ரோஷமாக இருந்தது. அவருக்கு அது அன்றைய பன்னிரண்டாவது கோப்பு.

அந்த உறுதிமொழி, வீட்டு ஒப்பந்தம், நாங்கள் இந்த ஊரில் குடியிருப்பதற்கான பதிவுத் தாள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மொத்தமாக அனுப்பினேன். அப்பா உத்தமபாளையத்தில் போய் அச்செடுத்துக்கொண்டார். விசா கிடைத்தது. ஆனால் அப்பா வரவில்லை.

"அங்கன குளிருடா. எனக்கு ஒத்து வராது" என்றார்.

ஏலமலைக் குளிரில் முப்பது வருஷம் இருந்தவர் ஜூன் மாத ஜெர்மனிக்குப் பயப்படுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் வேறொரு பதில் வரும் என்று உள்ளுக்குள் பட்டதும் ஒரு காரணம்.

5

இந்த வருஷம், பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, கோடு ஏறவில்லை.

ஆறரைக்கு இல்லை. ஏழுக்கும் இல்லை. வெயில் ஏற ஏறத் தானாகக் கொஞ்சம் உயர்ந்து, பதினோரு மணிக்குத்தான் அடுப்புக்குரிய முண்டு முடிச்சு தெரிந்தது. மதியச் சமையல். முதலில் மென்பொருளைச் சந்தேகப்பட்டேன், பிறகு லேப்டாப்பின் கடிகாரத்தை. அப்பாவுக்குப் போன் செய்து, காலையில் சாப்பிட்டீர்களா என்றேன். "ம்" என்றார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் காலைக் கோடு படுத்தே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பழையபடி ஆறரைக்கு ஏறியது, அதுவும் நன்றாக. திங்கள் மறுபடியும் படுத்துவிட்டது.

ஞாயிறு மட்டும் ஏறுகிறது, மற்ற நாளில் இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. புஷ்பம் அக்கா விடியக் காலையில் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தோட்ட வேலை கிடையாது, எல்லாரும் கோயிலுக்குப் போவார்கள். அதனால் அன்றைக்கு மட்டும் அப்பாவுக்குச் சமைக்கிறார். அப்பா காட்டிக்கொடுக்காமல் மூடி மறைக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என்னிடம் எண்கள் இருந்தன.

அந்த வாரம் என் பக்கத்து மேசை பிர்கிட் தன் இழுப்பறையில் இருந்த சாக்லேட் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளி, "ஏப்ரல் வரைக்கும் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்றாள். எடை குறைக்கிறாள்போல என்று எடுத்துத் தின்றேன்.

திங்கட்கிழமை புஷ்பம் அக்காவைக் கூப்பிட்டேன்.

"காலையில வீட்டுக்கு வர்றீங்களாக்கா?"

"ஆறு மணிக்கு வந்துர்றேன் தம்பி."

"அடுப்பு பத்தலையே?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாக. திராட்சத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறதுன்னா சொல்லிருங்க. நான் வேற ஆளு பாத்துக்கிறேன்."

அவர் குரல் தணிந்தது. "நான் எங்கயும் போகல தம்பி. வாசத் தெளிச்சு, காய நறுக்கி வச்சிட்டு, இங்கனதான் ஒக்காந்திருக்கேன். காலையில அடுப்பப் பத்த வைக்க வேண்டாம்னு ஐயா சொல்லிட்டாக. ஏன்னு நீங்க அவுகளத்தான் கேக்கணும்." பிறகு, "ஒங்களுக்கு நெசமாவே தெரியலையா தம்பி?" என்றார்.

அது எனக்குக் கிண்டலாகப் பட்டது. தெரிந்தால் ஏன் கேட்கிறேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அடுத்து அப்பா. "காலையில அடுப்பு ஏம்பா பத்தல?"

அவரும் அதையேதான் கேட்டார். "யாரு சொன்னா?"

"போர்டு சொல்லுது."

"அப்ப அது ஜெர்மன்காரனுக்கு இல்ல. ஒனக்கு."

"நெத்தியில தையல் போட்டது மறந்து போச்சாப்பா? மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட இருக்கீங்களா?"

"நாளைலருந்து அடுப்பு பத்தும்" என்றார். போனை வைத்துவிட்டார்.

6

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, திரையைத் திறந்தேன். ஆறரைக்குக் கோடு ஏறியிருந்தது. அப்பாடா என்று காப்பியைக் கையில் எடுத்தேன். ஒரு வாய் குடித்த பிறகுதான் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது.

முண்டும் இல்லை, முடிச்சும் இல்லை. இருபத்து நான்கிலிருந்து ஒரே வளைவாக, வழவழவென்று முப்பத்து நான்குக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. அடுப்பு இப்படி ஒரு நாளும் நிற்காது. அது எரிய எரியச் சூடு ஏறிக்கொண்டே போகும், அணைத்தால் இறங்கும். இதுவோ இருபத்தைந்து நிமிஷம் முப்பத்து நான்கிலேயே நின்று, பிறகு விறுவிறுவென்று இறங்கியிருந்தது.

இந்த வளைவு எனக்குப் பழக்கமானது. புதுப் போர்டு ஒன்று மேசைக்கு வந்தால், அது வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் என்ன செய்வோம் தெரியுமா? சென்சாரை விரலால் பிடித்துக்கொள்வோம். கோடு இப்படித்தான் ஏறும், இப்படித்தான் நிற்கும். பதினோரு வருஷத்தில் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்.

அப்பா போர்டைச் சுவரிலிருந்து உரித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார்.

எனக்கு வந்தது கோபம்தான். ஏமாற்றுகிறாரே, அதுவும் என்னையே என்று. பிறகு கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில், பதினைந்தாவது நிமிஷத்தில், ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. சூடு லேசாக இறங்கி உடனே ஏறியிருந்தது. கை வலித்து, மற்றக் கைக்கு மாற்றியிருக்கிறார். எழுபத்து நான்கு வயதில், வெறும் வயிற்றோடு, அணைந்து கிடக்கிற அடுப்புக்கு முன்னால் இருபத்தைந்து நிமிஷம் நின்றிருக்கிறார். என்னைச் சமாதானப்படுத்த. நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

7

வேலைக்குத் தாமதமாக வருவேன் என்று செய்தி அனுப்பிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"கையில பிடிச்சிருந்தீங்களாப்பா?"

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அடுப்புச் சூடு அப்படி ஒரே மட்டமா நிக்காதுப்பா."

சிரித்தார். "ஸ்டோர்ல சூடு பத்தலைன்னா, மேனேசர் வாரப்ப தெர்மாமீட்டர சூட்டுக் குழாய்ல ஒட்டி வச்சுக் காட்டுவோம். அந்த ஆளு ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்ல. இங்கன குழாய் இல்ல. கைதான் இருந்துச்சு."

"எதுக்குப்பா இந்த வேல? சாப்புட்டா முடிஞ்சு போச்சு."

"போன புதன்கெழம என்ன நாளுடா?"

எனக்குத் தெரியவில்லை. சமையலறைச் சுவரில் இந்த ஊர் சேமிப்பு வங்கி கொடுத்த நாட்காட்டி தொங்கியது. அதன் முன்னால் நின்றுதான் தினமும் பல் குத்துவேன். எழுந்து போய்ப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமைக் கட்டத்தில் சின்ன எழுத்தில் ஜெர்மனில் அச்சிட்டிருந்தது.

"சாம்பல் புதன்" என்றேன்.

"ஆறு நாள் ஆச்சு ஒனக்கு" என்றார் அப்பா.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை தவக்காலம். அந்த நாட்களில் எங்கள் பக்கம் ஒருசந்தி இருப்பார்கள். காலையில் எதுவும் கிடையாது, மதியம் ஒரு முழுச் சாப்பாடு, ராத்திரிக்கு ஏதாவது லேசாக. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விலக்கு. பிர்கிட் ஏப்ரல் வரைக்கும் சாக்லேட்டை விட்டதும் இதற்காகத்தான். ராயப்பன்பட்டியில் எந்தப் பிள்ளையிடம் என் திரையைக் காட்டியிருந்தாலும், புதன், வியாழன், வெள்ளி, சனி இல்லை, ஞாயிறு மட்டும் உண்டு என்றதுமே சொல்லியிருக்கும். நான் அதே ஊரில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, பதினெட்டு வயது வரை அந்தக் கோயில் மணியைக் கேட்டு எழுந்தவன். எங்களுக்கு இட்லியைப் பரிமாறிவிட்டுத் தான் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தவன். எனக்குக் கூலிக்காரியும் திராட்சைத் தோட்டமும்தான் தோன்றின. வெட்கமாக இருக்கிறது.

"அறுவது தாண்டுனவுகளுக்கு ஒருசந்தி கட்டாயமில்லப்பா. கோயில்லயே சொல்றாக."

"சொல்லுவாக."

"மாத்திரை?"

"மதியச் சோத்துக்கு மாத்திக்கிட்டேன்."

"டாக்டர் சொன்னாரா?"

அப்பா போனை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"என்கிட்டச் சொல்றதுக்கென்னப்பா?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவ. அதுபோக, நீயாக் கண்டுபிடிக்கிறியான்னு பாத்தேன். அடுப்பு பத்தலைன்னு அம்புட்டுத் தூரத்துலருந்து தெரியுதுல்ல, ஏன் பத்தலைன்னும் தெரியணும்ல. தெரியலைன்னதும் என் சந்தேகம் தீந்து போச்சு."

"என்ன சந்தேகம்?"

"விசாவுக்கு ஒரு தாளு அனுப்புனியே, ஊர்ல பதிஞ்ச தாளு. ஜெர்மன் எனக்குத் தெரியாது. ஆனா ரிலிஜன்னு இங்கிலீஷ்ல மாதிரியேதான் போட்டிருக்கு. பக்கத்துல கோடு கிழிச்சிருக்கு."

இங்கே வந்து இறங்கிய வாரத்தில், ஊரில் பெயர் பதியப் போனபோது ஒரு பாரம் கொடுத்தார்கள். எந்தச் சபை என்று கேட்கிற கட்டம் ஒன்று அதில் உண்டு. கத்தோலிக்கர் என்று எழுதினால் சம்பளத்திலேயே கோயில் வரி பிடிப்பார்கள், பேசாமல் இல்லை என்று போடு என்றார்கள் முன்பே வந்திருந்த தமிழர்கள். ஜெர்மன்காரன் எனக்கு விரிக்கிற வலை அது என்று நானும் நம்பினேன். இல்லை என்று போட்டேன், அதுதான் தாளில் வெறும் கோடாக வந்திருந்தது. சுதா வேறு மதம், அவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. எனக்கே பிறகு மறந்துவிட்டது. அப்பா அந்தத் தாளை ஒரு வருஷமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வரி புடிப்பாகன்னு சொன்னாகப்பா" என்று ஆரம்பித்தேன். என் காதுக்கே அது கேவலமாக இருந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"அதான் வரல. குளிரு கெடக்கு" என்றார் அப்பா. "வீட்டுக்கு ஒருத்தராவது ஒருசந்தி இருக்கணும்டா. ஒங்கம்மா இருந்தா. அவளுக்குப் பெறகு நான். எனக்குப் பெறகு யாருன்னு அந்தத் தாளப் பாத்த அன்னைக்குத் தெரிஞ்சு போச்சு. நான் இருக்குற மட்டும் இருந்துட்டுப் போறேன், விடு."

"நீங்க விழுந்தா?"

"விழுந்தா விழறேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் அப்படிப் பேசுகிற ஆளும் இல்லை. டாக்டர் சொன்னது, குளியலறை வாசல், இன்னும் இருக்கிற ஐந்தரை வார ஒருசந்தி எல்லாம் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன.

"ஒங்களுக்குப் பதிலா நான் ஒருசந்தி இருந்தா நீங்க சாப்புடுவீங்களாப்பா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

"நீ இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.

"மீராவக் கூப்புடு" என்றார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளிடம் போனைக் கொடுத்தேன். நான் காலையில் எதுவும் சாப்பிடுகிறேனா என்று பார்த்துத் தனக்குச் சொல்ல வேண்டும் என்று அவளிடம் கேட்டார் தாத்தா. அவள் கடைசிவரை கேட்டாள்.

"ஸாரி தாத்தா. நான் அப்பாவைப் பாத்துச் சொல்ல மாட்டேன். உங்களைப் பாத்து அப்பாவுக்கும் சொல்ல மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. பேச வருதில்ல உங்களுக்கு?"

போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள்.

"இதக் கழட்டிரவா?" என்றார் அப்பா.

"கழட்டிருங்கப்பா."

திரையில் கோடு நின்றது. போர்டு எதுவும் இணைக்கப்படவில்லை என்று மென்பொருள் ஒரு பெட்டியில் எழுதிக் காட்டியது. சரி என்பதை அழுத்தி மூடினேன்.

8

அன்றைக்கே புஷ்பம் அக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி" என்றார். பிறகு, விடாமல் அவரே தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. திராட்சத் தோட்டத்துக்குப் போறேன்னு சொன்னதுகூட எனக்கு வருத்தமில்ல. அதுவும் வேலதான். அவுகளப் பட்டினி போட்டுட்டுப் போவேன்னு நெனச்சீக பாருங்க, அதான்." நான் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு விசுவாசம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதினால் பொய். அந்தப் பாரத்தை மாற்றப் போகிறேனா என்றால், இன்னும் தெரியாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நானும் அப்படி நம்பித்தான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் என் வயிறு காய்ந்தால்தான் அவர் வயிற்றுக்குள் இட்லி போகும் என்று ஆகியிருக்கிறது. வேண்டுதலா, பேரமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் எதுவும் சாப்பிடாமல் வேலைக்குப் போனேன். பத்து மணி இடைவேளையில் கேன்டீன் முழுக்கச் சூடான ரொட்டி வாசனை. தாழ்வாரத்துக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் இரண்டரை.

"காலையில சாப்ட்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன்."

பழைய சொல்தான். என்ன சட்னி என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. மடக்கிக்கொண்டேன்.

"நீ?" என்றார்.

"இல்லப்பா."

"காப்பி?"

"அதுவும் இல்லப்பா."

"பசிக்குதா?"

"பசிக்குதுப்பா."

போனில் தெருச் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கட்டும்" என்றார்.